பேரம் பேசாத மகராசன்

வீட்டுச் சாமான்களில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, கையில் தூக்கிக்கொண்டு போய்ப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டு வரக்கூடியது. இன்னொன்று, நம்மால் நகர்த்தக்கூட முடியாதது. வாங்குகிறவர் நம் வீட்டுக்குள் வந்துதான் தூக்கியாக வேண்டும். தேக்குக் கட்டில், இரட்டைக் கதவு பீரோ, ஃப்ரிட்ஜ், ஊஞ்சல் எல்லாம் இரண்டாவது ரகம். வம்பு அத்தனையும் இதில்தான்.

எங்கள் திருவண்ணாமலையில் இந்த வியாபாரத்துக்கு சீசனே உண்டு. தீபத்தை ஒட்டி வந்து இறங்கும் வெளிநாட்டு அன்பர்கள் ரமணாசிரமத்தைச் சுற்றியும் செங்கம் சாலைப் பக்கமும் வீடு பிடித்து, மெத்தை, ஃப்ரிட்ஜ், சைக்கிள் என்று குடித்தனம் போடுவார்கள். மார்ச் மாதம் வெயில் மண்டையில் அடித்ததும், எல்லாவற்றையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு விமானம் ஏறுவார்கள். முன்பெல்லாம் அதற்குச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டுவார்கள். கீழே போன் நம்பரை வால் வாலாக வெட்டி விட்டிருப்பார்கள். வேண்டியவர் ஒரு வாலைக் கிழித்துக்கொண்டு போகலாம். (எனக்குத் தெரிந்து பாதி வால்களைக் கிழித்தது ஸ்கூல் பிள்ளைகள்!)

இப்போது வாலும் இல்லை, சுவரும் இல்லை. செல்போனில் போட்டோ எடுத்து ஓ.எல்.எக்ஸிலோ ஃபேஸ்புக் மார்க்கெட்ப்ளேஸிலோ போட்டால் போதும், ஊரே பார்க்கிறது. ஊரோடு நிற்காமல் வடநாடும் பார்க்கிறது என்பதுதான் விஷயம்.

எங்கள் தெருவில் ஒரு ரிடையர்டு வாத்தியார். பெயர் வேண்டாம், பாவம். சோபா செட்டை 18,000 ரூபாய்க்கு விளம்பரம் செய்தார். அரை மணியில் போன். "சார், நான் மிலிட்டரி ஆபீசர். சோபா பிடித்திருக்கிறது. விலையும் ஓகே. என் ஆள் வண்டியோடு வந்து எடுத்துக்கொள்வான். பணம் இப்போதே அனுப்பிவிடுகிறேன்." வாட்ஸ்அப் படத்தில் யூனிபார்ம், மெடல், மீசை எல்லாம் ஜோராக இருக்கிறது. அடையாள அட்டையின் போட்டோ வேறு. நாட்டைக் காக்கிறவரை எப்படி சார் சந்தேகப்படுவது?

"முதலில் டெஸ்டுக்கு அஞ்சு ரூபாய் சார்" என்று ஒரு க்யூ.ஆர். கோடு வந்தது. ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டார். அஞ்சு ரூபாய் போனது, உடனே பத்து ரூபாய் வந்தது. வாத்தியாருக்குப் பரம திருப்தி. அடுத்து 18,000-க்கு ஒரு கோடு. ஸ்கேன், பின் நம்பர். போனது. வரவில்லை. "சர்வர் ப்ராப்ளம் சார். ரீஃபண்டுக்கு இன்னொரு கோடு அனுப்புகிறேன்." அதையும் போட்டார். ஆக மொத்தம் 36,000. சோபா மட்டும் பத்திரமாக வீட்டிலேயே இருக்கிறது.

பணம் போனதைவிட எனக்கு வருத்தமான விஷயம், நாலு நாள் மனைவியிடம்கூடச் சொல்லாமல் இருந்தார். நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர், இந்தக் கணக்கை எப்படி வெளியே சொல்வது என்று கூசிப் போய்விட்டார். அந்த நாலு நாளில் பணம் எத்தனையோ கணக்கு தாவிவிட்டது. 1930 என்று ஒரு நம்பர் இருக்கிறது. சைபர் மோசடிக்கு நாடு முழுக்க ஒரே நம்பர். உடனே கூப்பிட்டால், பணம் நிற்கிற கணக்கை முடக்கச் சொல்லி பேங்குக்குத் தகவல் போகும். எடுத்தவன் ஏ.டி.எம்.முக்குப் போவதற்குள் நாம் போனுக்குப் போக வேண்டும். வெட்கப்படுவதை ஒரு வாரம் கழித்து வைத்துக்கொள்ளலாம்.

நான் பி.காம். படித்தவள். மூன்று வருஷத்தில் படித்ததெல்லாம் போய், மனசில் நிற்பது ஒரே வரி. 'டெபிட் த ரிசீவர், கிரெடிட் த கிவர்'. வாங்குகிறவன் வேறு, கொடுக்கிறவன் வேறு. செக்கின் முகத்தில் யார் கையெழுத்துப் போடுவார்? பணம் கொடுக்கிறவர். யு.பி.ஐ.யில் பின் நம்பர் என்பது அந்தக் கையெழுத்துதான். 2016-ல் யு.பி.ஐ. வந்த நாளிலிருந்து இதுதான் விதி. பணம் வாங்க ஸ்கேன் வேண்டாம், பின் வேண்டாம், ஒரு பட்டனும் அமுக்க வேண்டாம். காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், வருகிற பணம் தானாக வரும். 'பணம் வர பின் நம்பர் போடுங்கள்' என்று ஒருவர் சொன்னால், அவர் நம்மிடம் கையெழுத்துப் போட்ட செக் கேட்கிறார் என்று அர்த்தம்.

இதே வேலைக்கு 'கலெக்ட் ரிக்வெஸ்ட்' என்று ஒரு குறுக்கு வழியும் இருந்தது. ஒரு ஆள் இன்னொரு ஆளிடம் இப்படிப் பணம் கேட்டு அனுப்புவதை 2025 அக்டோபர் 1-லிருந்து என்.பி.சி.ஐ. நிறுத்திவிட்டது. ஒரு ஓட்டை அடைபட்டது. க்யூ.ஆர். ஓட்டையை அடைக்க முடியாது. அது நம் விரல் நுனியில் இருக்கிறதே!

யார் இவர்கள் என்று கேட்டால், ஹரியானாவில் நூஹ் என்று ஒரு மாவட்டம். 2023 ஏப்ரலில் சுமார் 5,000 போலீஸ்காரர்கள் ஒரே ராத்திரியில் அங்கே 14 கிராமங்களைச் சுற்றி வளைத்தார்கள். பிடிபட்டவர்கள் நாடு முழுக்க அடித்தது 100 கோடி ரூபாய் என்று போலீஸ் கணக்குச் சொன்னது. பழைய சாமான் விளம்பரமும் அவர்கள் தொழிலில் ஒரு இலாகா. 14 கிராமத்துக்கு 5,000 போலீஸ்! எங்கள் ஊரில் தீபத்துக்குத்தான் அப்படிக் கூட்டம் சேர்க்க வேண்டியிருக்கும்.

வாத்தியார் கதை நடந்து இரண்டு மாதம் கழித்து, வட ஒத்தவாடைத் தெருவில் இருக்கும் என் பெரியம்மா சென்னைக்கு மகனோடு போய் இருப்பதாக முடிவானது. அடுக்குமாடி வீட்டில் ஊஞ்சலுக்கு இடமில்லை. நல்ல தேக்கு, பித்தளைச் சங்கிலி. "நீதான் பத்திரிகையில எழுதறியே, ஒரு விளம்பரம் எழுதிக் குடும்மா" என்றாள். 30,000 ரூபாய் என்று போட்டோம். பெரியம்மாவின் பேரன் எடுத்த முதல் போட்டோவைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். ஊஞ்சலுக்குப் பின்னால் திறந்த பீரோ, அதன் லாக்கர், பீரோக் கண்ணாடியில் நைட்டியோடு பெரியம்மா! வாங்குகிறவன் ஊஞ்சலைப் பார்ப்பானா, லாக்கரைப் பார்ப்பானா? ஊஞ்சலை வெளி வராண்டாவுக்குக் கொண்டுவந்து மாட்டி மறுபடி எடுத்தோம். தெருப் பெயர் போட்டோம், கதவு எண் போடவில்லை.

முதல் போன் அன்றைக்கே வந்தது. யூனிபார்ம்தான். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். பெரியம்மா ஸ்பீக்கரில் போட்டாள். "மேடம், 30,000 ஓகே. நோ ப்ராப்ளம்."

போனை வைத்ததும் பெரியம்மா கேட்டாள், "இன்னாம்மா இவன், சங்கிலி பித்தளையா இரும்பான்னுகூடக் கேக்கல?"

அதுதான் பாயின்ட்! எங்கள் ஊரில் பத்து ரூபாய் கீரைக்கட்டை எட்டு ரூபாய்க்குக் கேட்காமல் யாரும் கையில் தொடமாட்டார்கள். 30,000 ரூபாய் ஊஞ்சலைப் பார்க்காமல், தட்டாமல், ஒரு குறை சொல்லாமல் வாங்குகிறேன் என்கிறவன் மனுஷ ஜென்மமே இல்லை. பெரியம்மாவுக்கு யு.பி.ஐ. தெரியாது, நூஹ் தெரியாது. ஆனால் வாங்குகிறவன் லட்சணம் தெரிந்திருந்தது. அந்த நம்பரை அதோடு விட்டுவிட்டோம்.

நிஜமாக வாங்க வந்தவர் போளூர் சாலையில் மெஸ் நடத்துகிறவர். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொன்னோம். நானும் என் வீட்டுக்காரரும் போய் உட்கார்ந்திருந்தோம். பக்கத்து வீட்டு அண்ணன் திண்ணையில் பேப்பரோடு ஆஜர். பெண்கள் தனியாக இருக்கும் மத்தியான நேரத்தில் 'இப்ப வரட்டுமா' என்று கேட்டால், 'வீட்டில் ஆள் இல்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள். 'நாளைக்கு வாங்க' என்பது போதும். ஊஞ்சல் வராண்டாவில் இருந்ததால் அவர் நிலைப்படியைத் தாண்டவேண்டிய அவசியமே வரவில்லை.

வந்தவர் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். "தேக்கு மாதிரி தெரியலையேம்மா" என்றார். சங்கிலி கறுத்திருக்கிறது என்றார். உட்கார்ந்து ஆடிப் பார்த்து 'கீச்' சத்தம் கேட்கிறது என்றார். 18,000-ல் ஆரம்பித்தார். அவர் குறை சொல்லச் சொல்ல எனக்கு நிம்மதி கூடிக்கொண்டே போனது! கடைசியில் 24,500. மெத்தைத் திண்டு இலவசம்.

ஜிபே செய்து ஸ்க்ரீன் ஷாட்டைக் காட்டினார். நல்ல மனுஷர்தான், ஆனாலும் ஸ்க்ரீன் ஷாட்டை யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம், எஸ்.எம்.எஸ்.கூட அப்படித்தான். பெரியம்மாவின் பேங்க் ஆப்பைத் திறந்து இருப்புத் தொகை ஏறியதைப் பார்த்த பிறகுதான் சங்கிலியைக் கழற்ற விட்டோம். ஒரு வெள்ளைத் தாளில் இன்ன சாமான், இன்ன தொகை, இன்ன தேதி என்று எழுதி இருவரும் கையெழுத்து. அவர் சிரித்தார். பி.காம். படித்தவள் வவுச்சர் இல்லாமல் விடுவேனா?

குட்டியானையை அன்றைக்கே வரவழைத்து ஏற்றிவிட்டார். இன்னும் இரண்டு நாள் தள்ளியிருந்தால் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் வண்டி தெருவுக்குள் நுழைந்தே இருக்காது.

மற்ற சாமான்கள் ஒன்றொன்றாகப் போயின. ஸ்மார்ட் டி.வி.யைக் கொடுக்கும் முன் ரீசெட் செய்து பேரனின் கணக்கை எடுத்தோம். ஏ.சி.யைக் கழற்ற மெக்கானிக் வந்து கேஸை உள்ளே இழுத்து அடைத்த பிறகுதான் பைப்பைத் தொட்டார். அப்படிச் செய்யாமல் பிடுங்கினால் கேஸ் அத்தனையும் போய்விடும். பீரோவை இழுப்பறை இழுப்பறையாகத் துழாவியதில், ரகசிய அறையில் பெரியப்பாவின் பழைய எல்.ஐ.சி. பத்திரம் ஒன்று அகப்பட்டது. பெரியம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை.

பீரோ விளம்பரம் போட்ட அன்று மறுபடியும் ஒரு போன். அதே குரல், அதே மீசைப் படம். பெயர் மட்டும் வேறு. "மேடம், பீரோ 15,000 ஓகே. நோ ப்ராப்ளம்."

பெரியம்மா எனக்குக் கண்ணைக் காட்டிவிட்டு, "தம்பி, விலைய இப்பதான் இருபதாயிரம் ஆக்கினேன்" என்றாள்.

"ஓகே மேடம். நோ ப்ராப்ளம்."

"அம்பதாயிரம்?"

"ஓகே மேடம்!"