காரணம் எங்கே?

"டபிள்யூ. டபிள்யூ. ஈ. மல்யுத்தமா? எல்லாம் பொய்யாயிற்றே, ஸார்!" என்கிறார்கள் நண்பர்கள். தெரியும். நாவலும் பொய்தான், அதை எழுதித்தான் நான் சாப்பிடுகிறேன். பொய்யை உருப்படியாகச் சொல்லவில்லையே என்றுதான் எனக்குக் கோபம்.

2025 மார்ச் 1-ந் தேதி, டொரான்டோ. ஜான் ஸீனா, சாம்பியன் கோடி ரோட்ஸைக் கட்டித் தழுவுகிறார். ராக், கழுத்தை அறுப்பதுபோல் சைகை காட்டுகிறார். மறு கணம் கோடிக்கு இடுப்புக்குக் கீழே ஒரு உதை! சுமார் 20 வருஷங்களாக நல்லவராகவே வந்த மனிதர், ஐயா! என் காப்பி ஆறிப் போயிற்று.

ஏப்ரலில் லாஸ் வேகஸில் ஸீனா 17-வது தடவையாகப் பட்டம் வென்றார். தூண்டிவிட்ட ராக் அந்தப் பக்கம் தலைகாட்டவே இல்லை! குறுக்கே வந்து விழுந்தவர் டிராவிஸ் ஸ்காட் என்ற பாடகர். ஆகஸ்டு பிறந்ததும், போதிய காரணமில்லாமல் ஸீனா மறுபடி நல்லவராகிவிட்டார். வாரத் தொடர்கதையில் நான் இப்படி வில்லனைத் தொலைத்தால், ஆசிரியர் சும்மா விடுவாரா? நீங்கள்தான் விடுவீர்களா?

டிசம்பர் 13-ல் வாஷிங்டனில், குந்தரின் பிடியில் ஸீனா கையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டு ஓய்வு பெற்றார். கூட்டம் கூச்சலிட்டது. எனக்கு ஆட்சேபமில்லை, போகிறவர் இருக்கிறவரிடம் தோற்பது அந்தத் தொழிலின் சம்பிரதாயம். டொரான்டோ உதைக்குத்தான் காரணம் கேட்கிறேன்.