டி.வி. சுவிட்ச் யார் கையில் இருக்க வேண்டும்?

பதிவு நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள். கோபம் வந்தால் படித்து முடித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

போன மாதம் எங்கள் பெரியம்மாவுக்கு வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டார்கள். வயது 78. மல்லாங்கிணறில் தனியாக இருக்கிறார். விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் பாத்ரூமில் வழுக்கிவிட்டதா என்றுதான் கேட்டார்கள். இல்லை. டி.வி. ஸ்டாண்டுக்குப் பின்னால் குனிந்து பிளக்கைத் தேடியபோது விழுந்தார்.

பொங்கலுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த மகன் வைத்துவிட்டுப் போனது அந்த ஸ்மார்ட் பிளக். டி.வி., செட்டாப் பாக்ஸ், ஹோம் தியேட்டர் மூன்றும் அதன் வழியாகத்தான் ஓடும். இரவு 10 மணிக்குத் தானாக அணையும், காலை 6 மணிக்குத் தானாக உயிர் வரும். இடையில் வேண்டுமென்றால் அவன் இருக்கிற ஊரிலிருந்தே போனில் அணைக்கலாம், போடலாம். கரண்ட் மிச்சம், அம்மாவுக்கு நேரத்தில் தூக்கம் என்பது அவன் கணக்கு. பெரியம்மாவுக்கு அவன் சொன்னது ஒரே வரி: "எல்லாம் தானா நடக்கும்மா, நீங்க எதையும் தொட வேண்டாம்."

அன்று இரவு பழைய படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பத்து மணிக்கு டப்பென்று நின்றது. ஃபேன் ஓடுகிறது, டி.வி. மட்டும் இல்லை. பிளக் லூசாகிவிட்டது போல என்று நினைத்திருக்கிறார். ஹாலில் விளக்குப் போடவில்லை, டி.வி. வெளிச்சம்தான் அவருக்கு விளக்கு. இருட்டில் ஸ்டாண்டுக்கும் சுவருக்கும் நடுவே கையை விட்டார். மீதியைச் சொல்ல வேண்டியதில்லை.

மகன் என்னிடம் படித்தவன், எனக்குத் தம்பி முறை. அவனிடம் சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அவன் ஒருவன் மேல் மட்டும் குறை சொல்லவும் எழுதவில்லை. சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர், வளைகுடா என்று போன என் பிள்ளைகளில் எத்தனையோ பேர் இதே வேலையைச் செய்திருக்கிறீர்கள். பத்துப் பதினைந்து வீடு எனக்கே தெரியும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பார்க்காத நேரத்தில் டி.வி. சாமான்களை முழுசாக அணைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ரிமோட்டில் அணைத்தால் அணைந்ததாக அர்த்தமில்லை. ரிமோட்டில் அணைத்து ஒரு மணி நேரம் கழித்து செட்டாப் பாக்ஸ் மேல் உள்ளங்கையை வையுங்கள். கதகதவென்று இருக்கும். அந்தச் சூடு உங்கள் மீட்டரில் ஓடிய கரண்ட். புதிய டி.வி.க்களின் மேல் அவ்வளவு பழியில்லை. சர்வதேச எரிசக்தி முகமை 1999ல் காத்திருக்கும் சாமானுக்கு ஒரு வாட்டுக்கு மேல் ஆகக்கூடாது என்று ஆரம்பித்து, ஐரோப்பாவில் 2013லிருந்து அது பெரும்பாலான வீட்டுச் சாமான்களுக்கு அரை வாட் என்று சட்டமே ஆகிவிட்டது. பாக்ஸ்தான் திருடன். சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டு உள்ளே முழு வேலையும் பார்த்துக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் 2011ல் ஒரு ஆய்வு வந்தது. அந்த நாட்டு செட்டாப் பாக்ஸ்கள் தின்கிற மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு, யாரும் பார்க்காத நேரத்தில் போகிறதாம்.

ஆய்வை நம்பாதவர்கள் உங்கள் வீட்டு மீட்டரையே நம்புங்கள். அதில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கும், பக்கத்தில் ஒரு எண் இருக்கும். என் மீட்டரில் 3200. அதாவது 3200 தடவை மினுக்கினால் ஒரு யூனிட். ஒரு மினுக்கலுக்கு 1125 ஜூல். ஏழாம் வகுப்பு வகுத்தல்தான், போட்டுப் பாருங்கள். ஃபிரிட்ஜ், ஃபேன், லைட், மோட்டார் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, டி.வி. சாமான்களை மட்டும் ரிமோட்டில் "அணைத்து" வைத்துக்கொண்டு, கடிகாரத்தோடு மீட்டர் முன்னால் நின்றேன். எங்கள் வீட்டுக்காரர் திண்ணையிலிருந்து சிரித்துக்கொண்டிருந்தார். 62 வினாடிக்கு ஒரு மினுக்கல். 1125ஐ 62ஆல் வகுத்தால் 18 வாட். பாக்ஸும் பழைய ஹோம் தியேட்டரும் சேர்ந்து சும்மா இருப்பதற்கு வாங்குகிற சம்பளம் அது.

நாங்கள் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் டி.வி. பார்ப்போம். மீதி 18 மணி நேரம். இரண்டு மாதத்துக்கு 60 நாள். பெருக்கினால் 19 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே வரும். 20 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

20 யூனிட் எவ்வளவு ரூபாய்? அது வீட்டைப் பொறுத்தது. 2016லிருந்து முதல் 100 யூனிட் இலவசம். பெரியம்மா வீடு அந்த நூறைத் தாண்டியதே இல்லை. ஆக, அவன் ஆயிரம் ரூபாய்க்குப் பக்கமாகக் கொடுத்து வாங்கிய பிளக்கால் அந்த வீட்டுக்கு மிச்சம் பூஜ்யம். 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை வைத்தே சொல்கிறேன், பிறகு கொஞ்சம் ஏறியிருக்கிறது. 150 யூனிட் ஓடுகிற வீட்டுக்கு 20 யூனிட் என்பது 45 ரூபாய். பிளக் விலையை எடுக்கவே நாலு வருஷம் ஆகும். அந்த பிளக்கும் இராப்பகலாக வைஃபையைப் பிடித்துக்கொண்டு ஒரு வாட்டுக்குப் பக்கம் தின்னும் என்பது தனி. ஆனால் 510 யூனிட் ஓடுகிற வீட்டில் கதையே வேறு. 500ஐத் தாண்டினால் மானியப் படி ஒன்று பறிபோகிறது. 510க்கு 2030 ரூபாய், 490க்கு 1665 ரூபாய். அதே 20 யூனிட்டுக்கு 365 ரூபாய்! ஏ.சி. போட்டிருக்கிற உங்கள் வீடுகளில்தான் இது தேவை. உங்கள் வீட்டில் முதலில் வையுங்கள் அப்பா.

ரூபாய்க்காக மட்டும் நான் பேசவில்லை. 2012ல் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் கிடந்தோம், மறந்துவிட்டீர்களா? மண்ணெண்ணெய் விளக்கில் பரீட்சைக்குப் படித்தவர்கள் உங்களில் உண்டு. இன்று தெற்கே கமுதியில் 648 மெகாவாட்டுக்குச் சூரியத்தகடு விரித்து வைத்திருக்கிறார்கள். கரிசல் காட்டையெல்லாம் கண்ணாடியால் மூடி எடுக்கிற கரண்டை, ஒரு கறுப்புப் பெட்டியைச் சூடாக்கவா அனுப்புவது? வீணாக்கக்கூடாது என்பதில் நான் உங்களைவிடக் கறார்.

ஆனால் அணைக்க வேண்டியவர் அந்த வீட்டில் இருக்கிறவர். எங்கேயோ இருக்கிறவர் இல்லை.

ஏன் யாரும் சுவரில் அணைப்பதில்லை? சோம்பலால் என்கிறீர்கள். சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று பார்த்தீர்களா? வீடு கட்டும்போது டி.வி. ஒயர் வெளியே தெரியக்கூடாது, அசிங்கம் என்று பிளக்கையும் சுவிட்சையும் டி.வி.க்கு நேர் பின்னால் வைத்துவிடுகிறோம். ஸ்டாண்டு வைத்த வீட்டில் முழங்காலுக்குக் கீழே. மூட்டுவலிக்காரி எப்படிக் குனிவாள்? 2006ல் அரசு கொடுத்த இலவச டி.வி. எங்கள் தெருவுக்கு வந்தபோது, முன்பக்கமே ஒரு அமுக்கு சுவிட்ச் இருந்தது. டக்கென்று ஒரு சத்தம், முழுசாக அணைந்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகள் எல்லாம் படுக்கப்போகும் முன் அதை அமுக்கிவிட்டுத்தான் படுத்தார்கள். அந்த சுவிட்சை எடுத்துவிட்டு, ரிமோட்டைக் கையில் கொடுத்துவிட்டு, இப்போது அதே வேலையைச் செய்ய ஆயிரம் ரூபாய்க்குப் பிளக்கும் போனும் இணையமும் வாங்கச் சொல்கிறார்கள். இதற்குப் பெயர் ஸ்மார்ட்.

இன்னொரு கூத்தும் கேளுங்கள். என் மகன் எங்கள் வீட்டிலும் இதை வைத்தான். வைஃபை பெட்டியின் பிளக்கையும் அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகியிருந்தான். பத்து மணிக்கு எல்லாம் அணைந்தது, வைஃபையும் சேர்ந்து அணைந்தது. மறுபடி போட வேண்டுமென்றால் பிளக்குக்கு வைஃபை வேண்டும், வைஃபைக்கு பிளக் வேண்டும். எஞ்சினியர்! பிளக்கின் ஓரத்தில் கையால் அமுக்க ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது என்று இரண்டு நாள் கழித்து நான்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கண்டுபிடித்தேன். அந்தப் பொத்தானும் டி.வி.க்குப் பின்னால்தான்.

கரண்ட் போய் வருகிற ஊரில் இன்னொரு தொல்லையும் உண்டு. சில பிளக் கரண்ட் வந்ததும் தானாக உயிர் பெறும், சில அணைந்தே கிடக்கும். அதை எப்படி வைத்திருக்கிறது என்று வைத்தவனுக்குத்தான் தெரியும். மோட்டார் வைத்த டைமர் பிளக் வாங்கியவர்களுக்கோ, ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் டைமர் அவ்வளவு நேரம் பின்தங்கும்.

சுவரில் அணைத்தால் பாக்ஸ் கெட்டுவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். மறுபடி போடும்போது சேனல் வர இரண்டு மூன்று நிமிஷம் ஆகும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் அடுப்பில் பால் வைத்துவிடலாம்.

இனி தம்பி சொன்னதற்கு வருகிறேன். "அக்கா, கரண்ட் மிச்சம்கிறது சும்மா. அந்த ஆப்ல டி.வி. ஓடுதுன்னு காட்டும். ஓடுச்சுன்னா அம்மா நல்லா இருக்காங்கன்னு அர்த்தம். நான் ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு நாளைக்கு நாலு தடவ பாத்துக்குவேன்" என்றான். எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. இரண்டு நாள் யோசித்தேன். பிள்ளையின் பயம் பொய்யில்லை. ஆனால் டேய், பெரியம்மா விழுந்து கிடந்த அந்த இரவு உன் ஆப் என்ன காட்டியது? பத்து மணிக்கு அணைந்தது என்று காட்டியது. நீயும் அம்மா தூங்கிவிட்டார் என்று நிம்மதியாக இருந்தாய். பக்கத்து வீட்டு மதினி சத்தம் கேட்டு வந்து தூக்கினாள். நாலு தடவை ஆப்பைப் பார்க்கிற நேரத்தில் ஒரு தடவை கூப்பிட்டு "சாப்ட்டீங்களாம்மா" என்று கேட்டிருக்கலாம். 78 வயதில் எத்தனை மணிக்குத் தூங்குவது என்பதை அவரே முடிவு பண்ணட்டும். சின்னப் பிள்ளையாக இருந்தபோது உன்னை ஒன்பது மணிக்குப் படுக்கச் சொன்னதற்குப் பழி வாங்குகிறாயா?

பெரியம்மா வீட்டில் போன வியாழக்கிழமை எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். டி.வி.க்குப் பின்னால் இருந்த பிளக்குக்குப் போகும் ஒயரைச் சுவரோரமாக பைப் போட்டு இழுத்து, கட்டிலுக்குப் பக்கத்தில் நெஞ்சுயரத்தில் ஒரே ஒரு பெரிய சுவிட்ச். அதில் அணைத்தால் டி.வி., பாக்ஸ், ஹோம் தியேட்டர் மூன்றும் அணையும். இருட்டிலும் தெரிகிற மாதிரி சின்ன விளக்கு வைத்த சுவிட்ச்தான் போட்டோம். கூலியும் சாமானும் சேர்த்து அந்த பிளக் விலையை எட்டவில்லை. பெரியம்மா இடது கையாலேயே நாலு தடவை போட்டு நாலு தடவை அணைத்துப் பார்த்தார்.

கழற்றிய ஸ்மார்ட் பிளக்கை தம்பியின் பீரோவில் வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு வரும்போது எடுத்துக்கொள்ளட்டும். நம் ஊரில் இன்னும் மூன்று வீடுகளுக்கு இதே வேலை பாக்கி இருக்கிறது. அருப்புக்கோட்டையிலோ விருதுநகரிலோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிற என் பிள்ளைகள் யாராவது விளக்கு வைத்த அந்த சுவிட்ச் மூன்று எடுத்து வையுங்கள். காசு கொடுத்துத்தான் வாங்குவேன்.