படகு ஓடுவதால் ஏரி டெல்லிக்குப் போய்விடாது

கொல்லிமலை வாசலூர்பட்டி ஏரியில் படகுச் சவாரி போகிறவர்கள், தண்ணீருக்கு அடியில் கிடக்கும் நிலம் யாருடையது என்று யோசிப்பதில்லை. யோசிக்கிறவர்களில் பலரும் தவறான பதிலையே வைத்திருக்கிறார்கள். 'படகு ஓடுகிற நீர் எதுவானாலும் அது ஒன்றிய அரசின் சொத்து. மாநிலம் வெறும் காவலாளி' என்ற எண்ணம் படித்தவர்களிடமும் வேரூன்றியிருக்கிறது. ஏரி தூர்ந்தால், ஆக்கிரமிக்கப்பட்டால் யாரைக் கேட்பது என்பது இந்தப் பதிலைப் பொறுத்தது. அதனால் இதை மேம்போக்காக விட்டுவிட முடியாது. இந்த எண்ணத்துக்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. 'நீர்நிலை என்பது நாட்டின் சொத்து. நாடு என்றால் ஒன்றிய அரசுதானே?'

இல்லை. தமிழ்நாட்டில் இதற்கான விடை 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவில் இருக்கிறது. ஆறு, ஓடை, ஏரி, குளம், கால்வாய் இவற்றின் படுகைகள், தனியாருக்கோ ஜமீனுக்கோ உரியவை தவிர, அரசின் சொத்து என்று அது அறிவிக்கிறது. அன்று அந்த அரசு சென்னை மாகாண அரசு. ஜமீன்களிடம் இருந்தவற்றையும் 1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் மாகாணத்திடம் சேர்த்தது. 1950இல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது, மாகாணத்தின் சொத்துகள் அதற்கு ஈடான மாநிலத்துக்கு வந்தன என்று 294ஆம் உறுப்பு சொல்கிறது. வாரிசு இல்லாத, உரிமையாளர் இல்லாத சொத்துகூட, அது எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்துக்கே சேரும் என்கிறது 296ஆம் உறுப்பு. நிலம், நீர் இரண்டும் மாநிலப் பட்டியலில், 18, 17ஆம் இனங்களாக இருக்கின்றன. ஏரிக்குள் வேலி போட்டவருக்கு நோட்டீஸ் கொடுப்பவர் தாசில்தார். டெல்லி அதிகாரி அல்ல. சொத்து யாருடையது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டாம்.

2. 'தேசிய நீர்வழி என்று அறிவித்துவிட்டால் ஆறு ஒன்றிய அரசுக்குப் போய்விடும்.'

அதிகம் பேரைக் குழப்புவது இதுதான். 2016ஆம் ஆண்டு தேசிய நீர்வழிச் சட்டத்தின் பட்டியலில் 111 நீர்வழிகள் இருக்கின்றன. காவிரி–கொள்ளிடம், பவானி, பாலாறு, வைகை, தாமிரபரணி எல்லாம் அதில் உண்டு. அவற்றை ஒன்றியம் தன் 'கட்டுப்பாட்டில்' எடுப்பதாகவும் சட்டம் சொல்கிறது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆறே கைமாறிவிட்டது என்கிறார்கள். எதற்காகக் கட்டுப்பாடு என்பதையும் அதே சட்டம் சொல்கிறது: கப்பல், படகுப் போக்குவரத்துக்காக. ஒன்றியப் பட்டியலின் 24ஆம் இனம் தரும் அதிகாரமும் அவ்வளவுதான். பேருந்துக்கு பெர்மிட் கொடுக்கிறவர் சாலைக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை.

வாசலூர்பட்டி ஏரி அந்தப் பட்டியலிலேயே இல்லை. விசைப்படகுகளின் பதிவும் பாதுகாப்பும் 2021ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தின்கீழ் வரும். அது கலத்துக்கான சட்டம். கலம் மிதக்கும் ஏரியின் தரைக்கானது அல்ல.

3. 'காவிரி நீர் தேசியச் சொத்து என்று உச்ச நீதிமன்றமே சொன்னதே?'

சொன்னது. கொல்லிமலையின் ஐயாறு ஆகாயகங்கை அருவியாக விழுந்து, புளியஞ்சோலை வழியாக இறங்கிக் காவிரியோடு சேர்கிறது என்பதால், அந்தத் தீர்ப்பு இந்த மலைக்கும் தொடர்புள்ளதுதான். ஆனால் 2018 பிப்ரவரி 16 அன்று வந்த தீர்ப்பு, பல மாநிலங்களில் ஓடும் ஆற்றின் நீரை எந்த ஒரு மாநிலமும் தனக்கே சொந்தம் என்று கொண்டாட முடியாது என்பதற்காக அப்படிச் சொன்னது. கர்நாடகம் தமிழ்நாட்டுக்குத் தர வேண்டிய அளவு 192 டிஎம்சியிலிருந்து 177.25 டிஎம்சியாகக் குறைந்தது அந்தத் தீர்ப்பில்தான். அங்கே பேசப்பட்டது ஓடும் நீரின் பங்கீடு. ஆற்றின் படுகை டெல்லிக்குச் சொந்தம் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. காவிரிப் படுகையில் மணல் எடுக்க விதி வகுக்கும் அதிகாரம், 1957ஆம் ஆண்டு கனிமச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, இன்றும் மாநிலத்திடம்தான் இருக்கிறது.

4. 'ஒன்றியம் நினைத்தால் எந்த நிலத்தையும் எடுத்துக்கொள்ளுமே?'

எடுக்க முடியும். மேற்கு வங்கம் தன் நிலக்கரி நிலங்களைக் காக்க வழக்குப் போட்டபோது, மாநிலத்தின் சொத்தையும் ஒன்றியம் சட்டப்படி கையகப்படுத்தலாம் என்று 1962இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி சுப்பா ராவ் மட்டும் மாறுபட்டார். மாநில உரிமையில் அக்கறை உள்ளவர்களுக்கு அது கசப்பான தீர்ப்புதான். ஆனாலும் அந்தத் தீர்ப்பே நம் பக்கம் ஒரு சாட்சி: ஏற்கெனவே தன்னுடையதாக இருக்கும் நிலத்தை யாரும் கையகப்படுத்த வேண்டியதில்லை. காடும் இப்படித்தான். 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கொல்லிமலைக் காட்டு நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற டெல்லியின் முன் அனுமதி வேண்டும். அதற்காகக் காப்புக்காடு டெல்லியின் சொத்தாகிவிடவில்லை.

5. 'அமெரிக்காவில் படகு ஓடும் நீரெல்லாம் கூட்டரசுடையது.'

அங்கே நிலைமை நேர் எதிர். படகு ஓடக்கூடிய ஆறு, ஏரிகளின் படுகை, மாநிலம் உருவாகும்போதே அதனிடம் சேர்கிறது என்று 1845இல் அலபாமா தொடர்பான பொல்லார்ட் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மட்டும் கூட்டரசிடம் நின்றது. 2012இல் மொன்டானா வழக்கில், ஆற்றின் ஒவ்வொரு பகுதியும் மாநிலம் உருவான காலத்தில் படகு ஓடக்கூடியதாக இருந்ததா என்றுதான் பார்க்க வேண்டும் என்றது. ஓடக்கூடியதாக இருந்தால் படுகை மாநிலத்துக்கு. இல்லையென்றால்தான் கூட்டரசின் உரிமைக்கு இடம்.

ஒன்றியத்துக்கே சொந்தம் என்று நம் அரசியலமைப்பு வெளிப்படையாகச் சொல்லும் இடம் கடல். 297ஆம் உறுப்பு, கடலோர நீருக்கு அடியில் உள்ள நிலத்தையும் கனிமத்தையும் ஒன்றியத்திடம் கொடுத்தது. அந்த எல்லை இன்று 12 கடல் மைல். அமெரிக்காவிலோ 1953ஆம் ஆண்டுச் சட்டம் கடலடி நிலத்தில் பொதுவாக 3 கடல் மைல் வரை மாநிலங்களுக்கே தந்தது. நம் கடலோர மாநிலங்களுக்கு அந்தப் பங்கு இல்லை என்பது உண்மை. வாதாட வேண்டிய குறை. ஆனால் கடலுக்கென்று எழுதிய விதியை மலைமேல் இருக்கும் ஏரிக்கு இழுத்துவர முடியாது. கடலுக்கு மட்டும் தனி உறுப்பு தேவைப்பட்டதே, உள்நாட்டு நீர்நிலைகள் வேறு கையில் இருக்கின்றன என்பதைக் காட்டுகிறது.

6. 'மாநிலத்துக்குச் சொந்தம் என்றால் மாநிலம் நினைத்ததைச் செய்யலாமா?'

செய்ய முடியாது. சிகாகோவில் மிச்சிகன் ஏரியின் படுகையை 1869இல் இல்லினாய் சட்டமன்றம் ஒரு ரயில் கம்பெனிக்குக் கொடுத்தது. 1873இல் அதை ரத்துசெய்தது. மக்களுக்காக அறங்காவலராக வைத்திருக்கும் சொத்தை மாநிலம் அப்படிக் கைகழுவ முடியாது என்று 1892இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. பியாஸ் ஆற்றங்கரையில் ஒரு விடுதிக்கு நிலம் கொடுத்த வழக்கில், 1996இல் நம் உச்ச நீதிமன்றம் அதே கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. மாநிலத்தின் உடைமை என்பது மக்களுக்கான பொறுப்பு.

இதனால்தான் 'எல்லாம் டெல்லிக்குச் சொந்தம்' என்ற பேச்சை மறுக்க வேண்டியிருக்கிறது. அது மாநில அரசின் உரிமையைக் குறைப்பதோடு நிற்பதில்லை; அதன் கடமையையும் தட்டிக்கழிக்க வழி செய்கிறது. ஏரிக்கரை உடைந்தாலும், படுகையில் கட்டடம் எழுந்தாலும், கழிவு கலந்தாலும், 'எங்கள் கையில் இல்லை' என்ற பதிலை ஏற்றுக்கொள்ள மக்களைப் பழக்குகிறது.

மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு இன்னொரு பிடிமானமும் உண்டு. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், காட்டு நிலத்தில் உள்ள நீர்நிலைகளின் மீன், பிற விளைபொருள்கள் மீதான சமூக உரிமையை அங்கீகரிக்கிறது. அந்தக் கோரிக்கை கிராம சபையில்தான் தொடங்குகிறது. உங்கள் ஊர் நீர்நிலை வருவாய்த் துறையின் அ-பதிவேட்டில் எப்படி வகைப்படுத்தப்பட்டிருக்கிறது, புலப்படத்தில் அதன் எல்லை எங்கே நிற்கிறது என்று கேட்டுப் பாருங்கள். குறை இருந்தால் கிராம சபையில் தீர்மானம் போட்டு, தாசில்தாரிடமும் கலெக்டரிடமும் எழுத்தில் கொடுங்கள். நிலம் மாநிலத்துடையது, பதில் சொல்ல வேண்டியதும் மாநிலம்தான்.