புழுவிடம் யூரியா கேட்டால்

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்த பிறகு, எங்கள் சம்மாந்துறை வட்டைகளில் ஒரு சொல் திடீரென்று பெரிய ஆளானது. வேர்மி. வேர்மி கொம்போஸ்ட், வேர்மி வொஷ் என்று கூட்டத்துக்குக் கூட்டம் அதே பேச்சு. இலத்தீனில் வெர்மிஸ் என்றால் புழு. அதன் வழியில் ஆங்கிலத்துக்கு வந்த ‘வெர்மிகுலர்’ என்ற அடைமொழி ஒரு காலத்தில் வைத்தியர்களின் சொத்தாக இருந்தது. குடல் நெளிவதற்கும், நாடி மெலிந்து ஊர்வதற்கும் அதைப் பாவித்தார்கள். புழு அரித்தது போலக் கல்லில் செதுக்கும் சிற்ப வேலைக்கும் அதே இனத்துச் சொல்தான். பெருநாள் சேமியாவின் ஆங்கிலப் பெயரும் அந்த வம்சம். பாயாசம் குடிக்கிறவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். வயலுக்குள் இந்தச் சொல் மரியாதையோடு நுழைந்தது அண்மைக் காலத்தில்தான். எங்கள் ஊருக்கு வந்தபோதோ, பசளைக் களஞ்சியம் காலியாகக் கிடந்தது.

கூட்டம் ஒன்று முடிந்து வரும் வழியில் வட்டவிதானை கேட்டார்: “தம்பி, புழு என்ன யூரியாவா கழிக்கும்?”

நையாண்டிதான், ஆனால் கணக்கு அவர் பக்கம். ஓர் அந்தர் யூரியாவில், அதாவது 50 கிலோவில், 46 வீதம் நைதரசன், 23 கிலோ. மண்புழு உரத்தில் நைதரசன் ஒன்றரை வீதம் என்று வைத்துக்கொண்டால், அந்த 23 கிலோவுக்கு ஒன்றரைத் தொன் உரம் வேண்டும். ஓர் அந்தரோடு ஒரு ஏக்கர் வேளாமை முடிந்துவிடுமா? அதைவிட, அந்த உரம் ஆறுதலாகத்தான் இளகும். நெற்பயிரோ மட்டம் வெடிக்கிற நேரத்திலும் குடலைக்கு முன்னரும் கேட்கும். கேட்டபோது கொடுக்க வேண்டும்.

கூட்டங்களில் டார்வினையும் இழுத்தார்கள். 1881இல் அவர் மண்புழுக்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில், இங்கிலாந்தின் பல இடங்களில் ஏக்கருக்கு ஆண்டொன்றுக்குப் பத்துத் தொன் மண்ணைப் புழுக்கள் மேலே கொண்டுவருகின்றன என்று கணக்கிட்டது உண்மைதான். ஆனால் அது கீழே கிடந்த மண். புழு எதையும் புதிதாகப் படைப்பதில்லை. தின்னக் கொடுத்ததை மாற்றித் தருகிறது. தண்ணீர் நிற்கிற சேற்றில் அந்தச் சாதி நெடுநாள் தங்குவதுமில்லை. மாரி மழை விழுந்த மறுநாள் வரம்பைக் குனிந்து பாருங்கள்: மிளகைவிடச் சிறிய உருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருக்கும். விரலால் நசித்தால் மணல் தட்டாது, மாவாக வழுக்கும். அதெல்லாம் வரம்பில்தான்.

முந்திய பெரும்போகத்தில் நாடு முழுவதும் முப்பது இலட்சம் தொன்னை எட்டிய நெல், 2021/22இல் இருபது இலட்சத்துக்கும் கீழே போனது. நவம்பரிலேயே தடையைத் தளர்த்திவிட்டார்கள். வேளாமை அதற்குக் காத்திருக்கவில்லை. மறுகா, சேதனப் பசளை என்று யாராவது வாய் திறந்தாலே ஊரில் சிரிப்பு. எனக்கு அந்தச் சிரிப்பில்தான் கோபம். ஒரே இரவில் கட்டளை போட்டவர்களின் குற்றத்தை எதற்காகப் புழுவின் தலையில் கட்டுகிறோம்?

சென்னை புதுக் கல்லூரியில் படிப்பித்த சுல்தான் அகமது இஸ்மாயில் பல்லாண்டுகளாக மண்புழுவை ஆராய்ந்தவர். வெளிநாட்டுப் புழுவைத் தேடி அலையாமல் அந்தந்த மண்ணின் புழுவையே வளர்க்கச் சொல்பவர். கத்தரி, பயிற்றை, வாழை வைத்திருக்கும் வளவுகளுக்கு அவர் வழி அப்படியே பொருந்தும். வாழையடிச் சருகைக் கிளறினால் புழு கிடைக்கும். சாணியும் நிழலும் ஈரமும் இருந்தால் போதும், காசு கொடுத்துப் பை வாங்கத் தேவையில்லை.

வயலுக்கு வேண்டியது வேறு. நெற்பயிர் உறிஞ்சும் பொட்டாசியத்தில் பெரும்பகுதி மணியில் இல்லை, வைக்கோலில் கிடக்கிறது. நாங்கள் அதைக் கொளுத்துகிறோம். நைதரசன் புகையோடு போகிறது. மிஞ்சிய சாம்பலும் கொளுத்திய இடத்தில் கும்பியாகக் கிடந்து முதல் தண்ணீரோடு வாய்க்காலுக்குப் போகிறது. பிறகு கப்பலில் வந்த பொட்டாசியத்தைக் காசு கொடுத்து வாங்குகிறோம். சோம்பலில் கொளுத்துகிறார்கள் என்று அதிகாரிகள் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். பெரும்போகம் வெட்டிச் சிறுபோகம் விதைக்கும் இடைவெளி குறைவு. உழுது புதைத்த வைக்கோல் உக்க இரண்டு மூன்று கிழமையாவது வேண்டும். உக்காமல் விதைத்தால் இளம்பயிர் மஞ்சளடிக்கும்.

ஆகவே போகத்தின் ஆரம்பக் கூட்டத்தில் விதைப்புத் திகதியை மட்டும் பேசிக் கலையாமல், சேனநாயக்க சமுத்திரத்தின் முதல் தண்ணீரை வைக்கோல் புதைக்கும் உழவுக்காக இரண்டு கிழமை முந்தித் திறப்பதைப் பற்றியும் பேச வேண்டும். குளத்தில் தண்ணீர் குறைந்த வருடத்தில் முடியாது, சரி. நிறைந்த வருடத்தில் ஒரு வாய்க்காலில் மட்டும் செய்து பார்க்கலாம். வெட்டு மெசின்காரர்களும் வைக்கோலை வரிசையாகக் கொட்டாமல் துண்டாக்கிப் பரப்பும் கருவியைப் பூட்டட்டும். ஏக்கருக்குக் கொஞ்சம் கூட்டிக் கேட்டாலும் கொடுக்கலாம்.