படம் சொன்ன நேரம்



முப்பதாம் நாள் நினைவுத் திருப்பலி முடிந்து உறவினர் கலைந்து சென்றபின், நான் அறிந்த ஒரு வீட்டில் மனத்தாங்கல் ஒன்று தலைதூக்கிற்று. காரணம் சொத்து அன்று. ஒரு காணொளியோடு காணப்பட்ட நேரம்.

அவ்வீட்டுப் பெரியவர் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை நாலரை மணியளவில் இறைவனடி சேர்ந்தார். அதற்குச் சற்று முன்னர், மூன்று மணிக்குப் பங்குத்தந்தை விரைந்து வந்து நோயில்பூசுதல் அளித்திருந்தார். 3.10க்கு மகள் ஒரு புகைப்படம் எடுத்தாள். 3.12க்குப் பேரன், தாத்தா நடுங்கும் கையால் சிலுவை அடையாளம் வரைவதைத் தன் கைப்பேசியில் காணொளியாகப் பதிவு செய்தான்.

குவைத்தில் பணிபுரியும் மூத்த மகனால் அடக்கத்திற்கு வந்துசேர இயலவில்லை. பின்னர் அவர் இவ்விரு மூலக் கோப்புகளையும் வரவழைத்து, நினைவுத் தொகுப்பு ஒன்று அமைக்க முற்பட்டார். அவருடைய செயலி, புகைப்படத்திற்கு வெள்ளி காலை 3.10 என்றும், காணொளிக்கு வியாழன் இரவு 9.42 என்றும் காட்டிற்று. அந்த வியாழன் இரவு, நம் ஊர் நேரம் பத்து மணிக்கு அவர் வீட்டோடு பேசியிருந்தார். "அப்பா உறங்குகிறார்கள், கவலைப்படாதீர்கள் அண்ணா" என்று தங்கை சொல்லியிருந்தாள். அப்படியானால், குருவானவர் வந்து பூசிச் சென்ற பிறகன்றோ அவள் அவ்வாறு சொன்னாள்! இரண்டு நேரங்களில் ஒன்று தவறு என்பது அவருக்கும் தெரிந்தது. ஆனால் துயரத்தில் இருந்தவர், தம்மை வருத்தும் நேரத்தையே மெய்யென்று கொண்டார். தங்கையோடு பேசுவதையும் நிறுத்திவிட்டார்.

உண்மையில் இருவர் கைப்பேசியும் பொய் சொல்லவில்லை. புகைப்படத்தினுள் நேரத்தை எழுதும் 'எக்சிஃப்' என்னும் முறையை ஜப்பானிய மின்னணுத் துறையினர் 1995இல் வகுத்தனர். எடுத்த இடத்துக் கடிகாரம் காட்டும் மணியை அது அப்படியே எழுதும். எந்நாட்டு மணி என்று எழுத அதில் இடமே இல்லை. அதற்கென ஓர் இடம் 2016இல்தான் சேர்க்கப்பட்டது. காணொளிக் கோப்பின் வழக்கமோ வேறு. அது 1904 சனவரி முதல் நாள் தொடங்கி நொடிகளை எண்ணி, உலகப் பொது நேரத்தில் எழுதுகிறது. நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முந்தியது. அந்த ஐந்தரையைக் கூட்டிக் காட்டுவது செயலியின் கடமை. சில செயலிகள் கூட்டுகின்றன, சில மறந்துவிடுகின்றன, சில, பார்ப்பவர் இருக்கும் நாட்டின் கணக்கைக் கூட்டுகின்றன. ஆகவே அதே காணொளி நம் ஊரில் 3.12, குவைத்தில் 12.42, கூட்டாத செயலியில் முந்திய இரவு 9.42. விடியற்காலை ஐந்தரைக்கு முன் எடுத்த காணொளி எதுவாயினும், இவ்வகைச் செயலியில் நாளே பின்னுக்குப் போய்விடும்.

(நாட்குறிப்பின் விந்தை திருச்சபைக்குப் புதிதன்று. அவிலா நகர்ப் புனித தெரேசம்மாள் 1582 அக்டோபர் 4ஆம் நாள் இரவில் மரித்தார். திருத்திய நாட்காட்டியின்படி மறுநாள் 15ஆம் தேதி!)

வாட்ஸ்அப் வழியாக வரும் படங்களின் கதை இன்னும் மோசம். சாதாரணமாக அனுப்பும்போது எடுத்த நேரக் குறிப்பு நீங்கிவிடுகிறது. பெற்ற நாளே படத்தின் நாளாக நிற்கும். 'டாக்குமென்ட்' என அனுப்பினால் மட்டுமே மூலக் கோப்பு மாறாது போய்ச் சேரும். திருமுழுக்கு, திருமணப் படங்களை அவ்வாறே அனுப்புங்கள். கோப்பின் பெயரிலேயே நாளையும் மணியையும் எழுதி வையுங்கள். இதைச் சோம்பல் பாராமல் செய்பவர் நம்மில் மிகச் சிலரே. நானும் அண்மையில்தான் தொடங்கினேன்.

திருமுழுக்கு நடந்த இடத்தையும் நாளையும் காலந்தாழ்த்தாமல் கவனமாகப் பதிவேட்டில் எழுதவேண்டுமென்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 877ஆம் எண் பங்குத்தந்தையைப் பணிக்கிறது. வீட்டிலும் ஒரு குறிப்பேடு இருக்கலாமே. அந்தத் தங்கையிடம் அப்படி ஒன்று இருந்தது. மருந்து கொடுத்த நேரங்களை எழுதிவந்த பள்ளி நோட்டு அது. அதன் கடைசிப் பக்கத்தில், "3.00 – சாமியார் வந்தார்கள்" என்று அவள் கைப்பட எழுதியிருந்தாள்.

அந்தப் பக்கத்தையும், ஐந்தரை மணிக் கணக்கையும் சேர்த்து மூத்தவருக்கு அனுப்பிவைத்தோம். அன்றிரவே அவர் தங்கையை அழைத்தாராம். வெகுநேரம் பேசினார்களாம், என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.