டியூவுக்குத் தேதி உண்டு, சினிமா சம்பளத்துக்குத் தேதி இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. ரிட்டயர் ஆனாலும் இந்த வாத்தியார் வகுப்பை விடமாட்டேன் என்கிறாரே என்று சிரித்துக்கொண்டே படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் தம்பி வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு பழைய ஃபைல். அவன் பேத்தி இந்த வருஷம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் திரைப்படப் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. மூன்று வருஷப் படிப்பு. கட்டணமும் விடுதியுமாக வருஷத்துக்கு 3 லட்சம். மொத்தம் 9 லட்சத்தையும் கல்விக் கடனாக வாங்குவதாக ஏற்பாடு. கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாகச் சொத்து ஈடு கேட்கும். அதற்காகத் தம்பி கொண்டுவந்திருந்தது கோவில்பட்டி வீட்டுப் பத்திரம். எங்கள் அப்பா தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதிச் சேர்த்த காசில் கட்டிய வீடு அது.

“அண்ணே, நீங்க சரின்னு சொன்னா பேங்க்ல குடுத்துர்றேன்” என்றான்.

அதற்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சண்டை தொடங்கிவிட்டது. ஒரு கட்சி, “பொம்பளப் பிள்ளைக்கு சினிமாவா?” என்றது. இன்னொரு கட்சி, “பிள்ளையின் கனவைக் கலைக்காதீர்கள்” என்றது. முதல் கட்சிக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. அந்தக் காலம் போய்விட்டது. இரண்டாவது கட்சி என் கட்சிதான். ஆனால் இரண்டு பக்கமும் ஒருவர்கூடக் கணக்குப் போடவில்லை. முப்பது வருஷம் கணக்கு எடுத்தவன் வீட்டில் இப்படி நடக்கலாமா? ஒரு பேப்பரை எடுத்தேன்.

வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் காலத்திலும் அதற்குப் பிறகு ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். தவணைதான் இல்லை, வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். முதல் வருஷம் வாங்கிய 3 லட்சத்துக்கு நான்கு வருஷ வட்டி, அடுத்த 3 லட்சத்துக்கு மூன்று வருஷ வட்டி, கடைசி 3 லட்சத்துக்கு இரண்டு வருஷ வட்டி. எட்டாம் வகுப்புத் தனிவட்டிக் கணக்குதான். மொத்தம் 2 லட்சத்து 70 ஆயிரம். 9 லட்சம் வாங்கிய பிள்ளை 11 லட்சத்து 70 ஆயிரம் கடனோடு தொடங்குகிறாள். பத்து வருஷத்தில் அடைத்தால் மாதம் சுமார் 15,500 ரூபாய். பதினைந்து வருஷம் என்றால் மாதம் சுமார் 12,600. ஆனால் மொத்தமாகக் கட்டுவது 22 லட்சத்தைத் தாண்டிவிடும்.

சரி, வரவு எவ்வளவு? இங்கேதான் என் பழைய மாணவன் ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், பெயர் மட்டும் வேண்டாம். பள்ளி ஆண்டு விழா நாடகத்தை எழுதி இயக்கிய பையன். கடன் வாங்கி இயக்கம் படித்தான். “போடா, தைரியமா சேரு” என்று தோளில் தட்டி அனுப்பியவன் நான்தான்.

படிப்பு முடிந்து ஒரு இயக்குநரிடம் உதவியாளராகச் சேர்ந்தான். அதற்கே அலையாய் அலைந்தான். எட்டு மாதம் கதை விவாதம். அப்போது கிடைத்தது சாப்பாடும் எப்போதாவது கொஞ்சம் பேட்டாவும். ஷூட்டிங் தொடங்கி ஒரு ஷெட்யூல் முடிந்ததும் பணம் இல்லாமல் படம் நின்றது. அந்த நேரம் பார்த்துக் கடன் தவணை தொடங்கியது. மாதம் ஐந்தாம் தேதி. இரண்டு மாதம் கட்டவில்லை என்றதும் வங்கியிலிருந்து அவன் அப்பாவுக்குப் போன். அவர்தானே உடன் கையெழுத்துப் போட்டவர்! மூன்றாவது மாதம் பையன் ஊர் திரும்பி, கல்யாண வீடியோ எடிட்டிங்கில் 14,000 ரூபாய்க்குச் சேர்ந்தான். அடுத்த வருஷம் படம் மறுபடி தொடங்கி வெளியானது. கூட இருந்த உதவியாளர்கள் பெயர் திரையில் வந்தது. இவன் பெயர் இல்லை.

“சார், திறமை இல்லாம திரும்பி வரல. அஞ்சாந்தேதி வந்துச்சு, அதான் வந்தேன்” என்றான்.

அன்றைக்கு நான் தோளில் தட்டினேனே தவிர, “தவணை எவ்வளவுடா?” என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சி எனக்கு இன்னும் உண்டு.

சினிமாவில் முதல் சில வருஷங்கள் காத்திருப்புதான் மூலதனம். வேலை படத்துக்குப் படம் வரும், நடுவில் மாதக்கணக்கில் வராது. அந்த இடைவெளியைத் தாங்குகிறவன் நிற்கிறான். பெரிய கடன் அந்தக் காத்திருக்கும் சக்தியைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறது. சினிமாவுக்குப் போவதற்காக வாங்கிய கடனே பிள்ளையை சினிமாவிலிருந்து வெளியேற்றுகிறது.

அப்படியானால் படிக்கவே வேண்டாமா? எந்தத் துறை என்பதைப் பொறுத்தது. இயக்கத்துக்குப் பட்டம் கட்டாயமில்லை. மணிரத்னம் படித்தது மேலாண்மை. பாக்யராஜ் பாரதிராஜாவிடமும், வெற்றிமாறன் பாலு மகேந்திராவிடமும் உதவியாளராக இருந்து கற்றவர்கள். கார்த்திக் சுப்புராஜ் இன்ஜினியர், குறும்படம் எடுத்து வந்தவர். ஆனால் ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு போன்றவற்றுக்குக் கருவிகளோடு பழகும் பயிற்சி பெரிய பலம். பி.சி. ஸ்ரீராம் சென்னை திரைப்படக் கல்லூரியிலும், பாலு மகேந்திரா, சந்தோஷ் சிவன், ஒலிக்காக ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டி ஆகியோர் புனேயிலும் படித்தவர்கள். இவை எல்லாமே அரசு நிறுவனங்கள் என்பதைக் கவனியுங்கள். பெரியவர்கள் ‘அடையாறு இன்ஸ்டிட்யூட்’ என்று சொல்லும் தரமணி எம்.ஜி.ஆர். நிறுவனத்தில் பிளஸ் டூ முடித்தவர்கள் சேரலாம். 1960இல் தொடங்கிய புனே நிறுவனத்திலும், 1995இல் தொடங்கிய கொல்கத்தா சத்யஜித் ராய் நிறுவனத்திலும் ஏதாவது ஒரு டிகிரி முடித்தவர்கள் நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம். இடம் குறைவு, போட்டி அதிகம். ஆனாலும் கதவு அங்கே இருக்கிறது.

தனியார் கல்லூரிதான் என்றால், பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று, இது அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகப் பட்டமா, வெறும் சான்றிதழா? பட்டம் என்றால் நாளைக்கு டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 எழுதவாவது உதவும். இரண்டு, மாணவர் கையில் கேமராவும் எடிட்டிங் அறையும் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் இருக்கும்? மூன்று, மூன்று வருஷத்துக்கு முன் முடித்தவர்களில் ஐந்து பேருடைய போன் நம்பர் தருவீர்களா? விளம்பரத்தில் இருக்கும் ஒருவர் போதாது, ஐந்து பேர் வேண்டும்.

என் தம்பிக்கு நான் சொன்னது இது. பத்திரத்தை வைக்காதே. பிள்ளை ஒளிப்பதிவுதான் கேட்கிறாள், தரமணிக்கு விண்ணப்பம் போடட்டும். கிடைக்காவிட்டால் பக்கத்துக் கல்லூரியில் பிடித்த ஒரு டிகிரி, கூடவே கேமராவோடு யாரிடமாவது வேலை பழகட்டும், பிறகு புனேயும் கொல்கத்தாவும் முயலட்டும். கடன் வாங்கியே ஆக வேண்டுமானால் 4 லட்சத்துக்குள் வாங்கு. அதற்குப் பொதுவாக ஈடு கேட்பதில்லை. படிக்கும்போதே வட்டியை மாதாமாதம் கட்டிவிட்டால், பத்து வருஷத் தவணை சுமார் 5,300 ரூபாய். கல்யாண வீடு இரண்டில் கேமரா பிடித்தாலும் சமாளிக்கலாம்.

பேத்தி நான்கு நாளாக என்னிடம் பேசவில்லை. நேற்று மட்டும் ஒரு மெசேஜ்: “பெரிய தாத்தா, அப்போ பணக்காரப் பிள்ளைங்க மட்டும்தான் சினிமா எடுக்கணுமா?”

நியாயமான கேள்வி. இரவு தூக்கம் வரவில்லை. சென்னையில் சொந்த வீடு உள்ள பிள்ளைக்குக் காத்திருப்பு இலவசம், நம் பிள்ளைக்கு அதற்கும் வாடகை. இதைச் சரிசெய்ய அரசு நிறுவனங்களில் இடங்கள் கூட வேண்டும். அதுவரைக்கும் குடும்பம் செய்ய முடிந்தது ஒன்று உண்டு. வங்கிக்கு வட்டியாகப் போகிற பணத்தை அவளுடைய காத்திருப்புக்குக் கொடுக்கலாம். இந்த மாதத்திலிருந்து என் பென்ஷனில் 3,000 ரூபாய் அவள் பெயரில் அஞ்சலகத்தில் ஆர்.டி. போடுகிறேன். ஐந்து வருஷத்தில் அசலே 1 லட்சத்து 80 ஆயிரம். படிப்பு முடிந்து சென்னையில் அறை எடுத்து வாய்ப்புத் தேடும்போது வாடகைக்கு ஆகும். அந்த நாளில் ஐந்தாம் தேதி அவளைத் துரத்தக் கூடாது.

மற்ற பெரியப்பா, சித்தப்பா, அத்தைமார்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். கனவைக் கலைக்காதீர்கள் என்று குழுவில் எழுதியவர்கள் முதலில் கை தூக்கலாம்!

சினிமாவில் இருக்கும் என் மாணவர்கள் உங்கள் முதல் மூன்று வருஷ வரவு செலவை உள்ளபடி கீழே எழுதுங்கள். என் கணக்கு தப்பு என்றால் திருத்துங்கள். அவளும் படிப்பாள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்