குடலை இட்லிக்கு அவசரம் ஆகாது!

மிளகு, சீரகம் தாளித்துக் கொட்டிய சாதா இட்லி மாவை டம்ளரில் ஊற்றி அவித்தால் அது காஞ்சிபுரம் இட்லி ஆகிவிடுமா? பல ஹோட்டல்களில் ஆகிவிடுகிறது! சாப்பிட்டவர், "இதற்கா இவ்வளவு பேர்?" என்கிறார். பாவம், அவர் இன்னும் அதைச் சாப்பிடவே இல்லை.

சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோவிலில் நைவேத்தியமாகும் குடலை இட்லி வேறு ரகம். மூங்கில் குடலைக்குள் மந்தாரை இலை பரப்பி, மாவை ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைக்கிறார்கள். பச்சரிசி, உளுந்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய். சேர்மானத்தில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. வீட்டில் செய்யும்போது சொதப்புவதற்குக் காரணம் பெரும்பாலும் அவசரம்தான்.

முதலில் அரைப்பது. மாவு மை மாதிரி ஆனால், வெந்ததும் பிசுபிசுவென்று ஒட்டும். விரலில் குருணை நெருட வேண்டும். மிளகும் பவுடராகக் கூடாது, ஒன்றிரண்டாக உடைந்தால் போதும்.

அடுத்து புளிப்பு. பீருக்கு ஈஸ்ட் எப்படியோ, இந்த மாவுக்கு லூக்கோனோஸ்டாக் முதலிய பாக்டீரியாக்கள் அப்படி. புளிப்பும், மாவைப் பொங்கவைக்கும் கரியமில வாயுவும் அவை தருவதுதான். குளிரில் அவை மெதுவாகத்தான் வேலை செய்யும். சித்திரையில் போதுமான நேரம் மார்கழியில் போதாது. ஆகவே கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள். பொங்கியிருக்க வேண்டும், புளித்த வாசம் வர வேண்டும். சோடா உப்பு போட்டால் வாயு வரும். ருசி எங்கிருந்து வரும்?

கடைசியாக வேகவைப்பது. குடலை இல்லையா? உயரமான பாத்திரமும் தணலில் வாட்டிய வாழையிலையும் போதும். முக்கால் பாகத்துக்கு மேல் ஊற்றினால் வழியும். மூடியில் துணி கட்டினால் இட்லி மேல் தண்ணீர் சொட்டாது. அடியில் தண்ணீர் வற்றினால் கொதிநீரையே ஊற்றுங்கள், பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஆவி அடங்கிவிடும். ஓரம் வெந்ததைப் பார்த்து ஏமாந்து இறக்கினால் நடுவில் மாவாகவே இருக்கும். நடுவில் அடிவரை குத்திய குச்சி ஒட்டாமல் வரட்டும். ஆறிய பிறகு துண்டு போடுங்கள்.

டம்ளரில் அவிப்பது குற்றமல்ல. சீக்கிரம் வேகும், பரிமாறவும் வசதி. ஆனால் அரைப்பதையும் புளிக்கவைப்பதையும் விட்டுவிட்டு, ஊர்ப் பெயரை மட்டும் ஒட்டிக்கொள்வது நியாயமா? பாலியஸ்டர் புடவையைக் காஞ்சிப் பட்டு என்று விற்றால் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. இட்லிக்கும் அந்த ரோஷம் கொஞ்சம் வேண்டாமா?